ஹில்பெர்ட்டுக்குப் பிறந்த தேதி வழங்கப்பட்ட வரலாறு

பிற நாடுகளில் மனிதர்கள் தாயின் வயிற்றிலிருந்து பிறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் நெதர்லாந்தில் அத்தகைய ஒழுங்கீனத்துக்கு இடமில்லை. இங்கே ஒருவர் நகர மன்றத்தின் மாடியில், இடப்புறம் இரண்டாவது அறையில், அலுவலக நேரத்தில், இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் பிறக்கிறார். அதற்கு முன்பு வீட்டில் நடக்கும் அலறல், வெந்நீர், மருத்துவச்சி முதலியவை வெறும் ‘முன்னேற்பாடுகள்’. அவை முடிந்து மூன்று நாட்களுக்குள் தகப்பன் எங்களிடம் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் குழந்தை பிறந்தது. சொல்லாவிட்டால் அது வீட்டில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பொருள்.

ஓல்டர்வேன் நகரத்தில் எல்லோரையும் இப்படிப் பிறக்க வைப்பவர் மாண்புமிகு நகரத் தலைவர் வான் ஹெய்னிங்கன். இருபது ஆண்டுகளாக அவரே பிறப்பு அலுவலர், அவரே திருமண அலுவலர், அவரே இறப்பு அலுவலர். ஒரே மேசையைச் சுற்றி அவருக்கு மூன்று நாற்காலிகள். பிறப்புக்கு ஜன்னல் பக்கம், திருமணத்துக்கு அடுப்புப் பக்கம், இறப்புக்குக் கதவுப் பக்கம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு நாற்காலியின் கேள்விக்கு அவர் பதில் சொன்னார் என்று எதிரிகள்கூடச் சொல்ல முடியாது.

நான் அவருடைய எழுத்தர், பெயர் ரூலோஃப். பகலில் இங்கே எழுதுகிறேன். மாலையில் பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்றுக்கொள்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பின் முதல் பாடம். நடந்தவையே வரிசையில் நடக்காவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் சொல்லித்தரவில்லை. ஆகவே கீழே வருவதில் ஏதாவது தலைகீழாகத் தெரிந்தால், அது என் பிழையா அலுவலகத்தின் வழக்கமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த ஆண்டு ஜனவரியில் ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும் மரக்காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தார்கள். வாலிபன் ஹில்பெர்ட் டெ லாங்கே. அடுப்பெரிக்கும் எரிமண் கட்டிகளைப் படகில் ஏற்றி வாய்க்கால் வாய்க்காலாக விற்பவன். பெண் ஆல்ட்யே. ரொட்டிக்கடையில் வேலை செய்பவள். அவளுடைய மேலங்கியின் இடுப்பு முடிச்சு வழக்கத்தைவிடச் சற்று மேலே ஏறியிருந்தது. தலைவர் அடுப்புப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்.

“கல்யாணம் பண்ணணும் ஐயா,” என்றான் ஹில்பெர்ட்.

“சீக்கிரமா,” என்றாள் ஆல்ட்யே.

“ரொம்ப சந்தோஷம். பொறந்த தேதிக்குச் சான்று?”

“இங்கதான் இருக்கும் ஐயா. நான் இந்த ஊர்லதான் பொறந்தேன். அறுபத்தி மூணாம் வருஷம், பிப்ரவரி மழையில. படகு மதகுகிட்ட நின்னுருந்துச்சாம். அப்பா சொல்லுவாரு.”

நான் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்றாம் ஆண்டின் பிறப்புப் பதிவேட்டை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை பார்த்தேன். டெ லாங்கே என்று யாரும் இல்லை. என் கண்மீது எனக்கே நம்பிக்கை குறைந்தது.

“பக்கத்துல இருக்குற புத்தகத்தப் பாரு,” என்றார் தலைவர். பக்கத்தில் இருந்தது இறப்புப் பதிவேடு. அதில் கிடைத்தான். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, படகுக்காரர் பெரென்ட் டெ லாங்கே என்பவர் ஓர் ஆண் குழந்தையை ‘உயிரற்றதாக’ எங்களிடம் தெரிவித்திருந்தார்.

தொலைந்த குடை கிடைத்தவரைப் போலத் தலைவரின் முகம் மலர்ந்தது. எழுந்து கதவுப் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். “கெடச்சுடுச்சு! நீங்க பொறக்கவே இல்ல, ஹில்பெர்ட். உயிரில்லாமக் காட்டப்பட்டிருக்கீங்க. எங்க ஆழ்ந்த அனுதாபம்.”

“யாரு, இவனா?” என்றாள் ஆல்ட்யே. “இவன் காலையில மட்டும் ஒரு முழு ரொட்டி தின்னான் ஐயா. நான்தான் வெட்டிக் குடுத்தேன்.”

“சாப்பாடு சாட்சி ஆகாதும்மா.”

“இவனுக்கு உயிரில்லன்னா இது எப்படி வந்துச்சு?” அவள் மேலங்கியைத் தட்டிக் காட்டினாள்.

தலைவர் பார்வையைப் பண்போடு கூரைக்கு உயர்த்தினார். “முன்னேற்பாடுகளப் பத்தி அலுவலகம் எப்பவும் விசாரிக்கிறதில்ல.”

ஹில்பெர்ட் கையை நீட்டினான். “தொட்டுப் பாருங்க ஐயா, சூடா இருக்கு.”

“எனக்குச் சந்தேகமே கெடையாதுப்பா. தனிப்பட்ட முறையில நீங்க நல்லா, ஆரோக்கியமா இருக்கீங்க. ஆனா நான் இந்த நாற்காலியில தனிப்பட்ட முறையில உக்காரலையே.”

“பாதிரியார் எனக்குத் தண்ணி தெளிச்சிருக்காரு. கோயில்ல எழுதி வச்சிருக்கு.”

“பாதிரியார் ஆன்மாவுக்குப் பொறுப்பு. மிச்ச உடம்புக்கு நான் பொறுப்பு. அவரு பாதி சொன்னா நான் பாதி ஒத்துக்க முடியுமா?”

பிறகு தலைவர் அந்தப் பதிவின் வரலாற்றைச் சொன்னார். அதை அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன். என் வார்த்தைகளில் தந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பயம்.

“எனக்குத் தெளிவா ஞாபகம் இருக்கு. நான் பதவிக்கு வந்த புதுசு. உங்கப்பா தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு இதே எடத்துல நின்னாரு. கொழந்தை எப்படி இருக்குன்னு கேட்டேன். ‘மூச்சு இருக்குங்க, ஆனா சாயங்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு’ன்னாரு. நீங்களே யோசிச்சுப் பாருங்க. காலையில பொறப்பு எழுதி, மறுநாள் எறப்பு எழுதினா ரெண்டு பதிவு, நாலு சாட்சி, ரெண்டு பக்கம். பதியுறதுக்கு முன்னாடியே போயிட்ட கொழந்தைக்குச் சட்டத்துல ஒரே பதிவு போதும், ‘உயிரற்றது’ன்னு. எப்படியும் அங்கதான போகப்போகுது? முன்கூட்டியே எழுதி முடிச்சுட்டேன். அந்த வருஷம் மாகாணத்துலயே கம்மியாத் தாள் செலவழிச்ச நகரம் நம்ம ஓல்டர்வேன்தான். பாராட்டுகூட வந்துச்சு.”

“ஆனா நான் சாகலையே ஐயா.”

“அது உங்க தரப்புல நடந்தது. அதுக்கு அலுவலகம் என்ன பண்ணும்?”

படிக்கத் தெரியாத பெரென்ட் பதிவின் கீழே ஒரு சிலுவை போட்டிருந்தார். மகன் பிறந்துவிட்டான் என்ற தப்பெண்ணத்தோடு வீட்டுக்குப் போய், சாயங்காலம் தாண்டியும் குழந்தை மூச்சுவிட்டதும் மனைவியோடு சேர்ந்து சோம்புச் சர்க்கரை தூவிய வறுரொட்டி தின்று கொண்டாடியிருக்கிறார். இருவரும் இப்போது இல்லை. அவர்களுடைய இறப்புப் பதிவுகள் மிகச் சரியாக இருக்கின்றன, நானே பார்த்தேன். மகனை யாரும் தேடவில்லை, ஏனென்றால் படகுக்காரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் தேடுவது வழக்கமில்லை.

“இத மாத்த முடியாதா?” என்றாள் ஆல்ட்யே.

“தாராளமா மாத்தலாம். நீதிமன்றத்துல மனு போடணும். ஒண்ணு, ஒன்றரை வருஷத்துல தீர்ப்பு வந்துடும்.”

“கொழந்தை ஜூன்ல வந்துடும் ஐயா. அது உங்க தீர்ப்புக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. அதுக்குள்ள கல்யாணம் ஆகலன்னா ரொட்டிக்கடைக்காரம்மா என்னய வெளிய அனுப்பிடுவாங்க. பொறக்குறதுக்கு அப்பன் பேரு இருக்காது. ஊர்ல அத என்ன சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

தலைவர் மிகுந்த இரக்கத்தோடு தலையசைத்தார். அவருடைய இரக்கம் ஊரறிந்தது. அதை அவர் எந்தக் காகிதத்திலும் வீணாக்கியதில்லை.

அவர்கள் வெளியேறும்போது ஆல்ட்யே காலணியை மாட்டிக்கொண்டே என்னிடம், “தம்பி, நீ பொறந்துட்டியா? ஒரு தடவ பார்த்து வச்சுக்க,” என்றாள். அன்று மாலை வகுப்புக்குப் போகுமுன் பார்த்து வைத்துக்கொண்டேன். இருக்கிறேன்.

இந்த இடத்தில் நமது தாய்நாட்டின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் இருபது வயதை எட்டும் வாலிபர்கள் குலுக்கலில் சீட்டு எடுக்க வேண்டும். சிறிய எண் எடுத்தவர் படைக்குப் போவார். பெரிய எண் எடுத்தவர் வீட்டுக்குப் போவார். விதி கடவுளுடையது, சீட்டுகளை வெட்டும் வேலை என்னுடையது. இந்த ஆண்டு எங்கள் நகரத்தின் முறை அறுபத்து மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. ஓல்டர்வேன் அரசுக்குத் தரவேண்டிய வாலிபர்கள் ஆறு பேர். உயரம் போதாதவர், ஒற்றைப் பிள்ளை, அண்ணன் ஏற்கெனவே படையில் இருப்பவர் எல்லோரையும் கழித்த பிறகு மிஞ்சியவர்களும் ஆறு பேர். கணக்கு அழகாக நேர் ஆயிற்று. நான் இரண்டு முறை சரிபார்த்து மகிழ்ந்தேன்.

நோட்டரி ப்ராக்மான் மகிழவில்லை. ஆறு பேரில் ஒருவன் அவருடைய மகன் லாம்பெர்ட்.

நோட்டரி எங்கள் நகரத்தின் பெருமை. விருந்தினருக்குக் காபியோடு ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, உடனே டப்பாவை மூடிவிடும் பண்பு நாட்டில் எல்லோருக்கும் உண்டு. நோட்டரி டப்பாவைப் பூட்டுவார். பணக்காரர்கள் மகனுக்குப் பதிலாக வேறொருவனை விலை பேசிப் படைக்கு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. “அதுக்கெல்லாம் காசு செலவழிக்கணுமா?” என்பது நோட்டரியின் நாட்டுப்பற்று.

பிப்ரவரித் தொடக்கத்தில் அவர் தலைவரைப் பார்க்க வந்தார். காபி கொண்டுபோனதால் நானும் அறையில் இருந்தேன்.

“ஆறு பேர் வேணும், ஆறு பேர் இருக்காங்க. அப்புறம் குலுக்கல் எதுக்குய்யா? இது அநியாயம். என் மகனுக்கு அதிர்ஷ்டம் அடிக்க ஒரு வாய்ப்பாவது வேண்டாமா?”

“என்ன பண்றது? அந்த வருஷம் பொறந்தது அவ்வளவுதான்.”

“இன்னொருத்தன் பொறந்திருக்கக் கூடாதா?”

இருவரும் சற்று நேரம் காபியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகத்தான சிந்தனைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை அன்று நேரில் கண்டேன். அதற்குப் பதிவும் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை.

“அந்த எரிமண் படகுக்காரன்,” என்றார் தலைவர் மெதுவாக.

“நேத்துக்கூட பாலத்துக்கிட்ட பார்த்தேன்,” என்றார் நோட்டரி. “அப்பட்டமா உயிரோட இருந்தான். வெக்கமே இல்லாம சீட்டியடிச்சுக்கிட்டுப் போனான்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை நகர மன்றம் சிறப்புக் கூட்டம் கூடியது. ‘தாய்நாட்டின் தேவைக்காக ஒரு பிறந்த தேதியைக் கண்டறிதல்’ என்பது பொருள். நோட்டரியும் மன்ற உறுப்பினர். எழுந்து நின்று, பத்தொன்பது ஆண்டுகளாக ஹில்பெர்ட்டைத் தாம் உயிரோடு பார்த்து வந்ததாகச் சத்தியம் செய்தார். மளிகைக்கடை உறுப்பினர், அவன் தம் கடையில் புகையிலை வாங்கியிருப்பதாகச் சத்தியம் செய்தார். மதகுக் காவல் மேற்பார்வை உறுப்பினர், அவன் தம்மை ஒருமுறை கெட்ட வார்த்தையில் திட்டியதாகவும், உயிரற்ற ஒருவரால் அவ்வளவு சரளமாகத் திட்ட முடியாது என்றும் சத்தியம் செய்தார். கூட்டம் உருக்கமாக இருந்தது. ஹில்பெர்ட்டையும் அழைத்துக் கதவருகே நிற்க வைத்திருந்தார்கள்.

அடுத்து, அவன் எந்த நாளில் பிறந்தான் என்ற கேள்வி வந்தது.

“அப்பா ஞாயித்துக்கெழமைன்னு சொல்லுவாரு,” என்றான் ஹில்பெர்ட்.

“ஞாயித்துக்கெழம அலுவலகம் கெடையாது,” என்றார் தலைவர்.

“தவிர, ஞாயித்துக்கெழம பொறந்து வியாழக்கெழம பதிஞ்சா மூணு நாள் தாண்டிடுது,” என்றார் நோட்டரி. “அப்பா சட்டத்த மீறினவர் ஆயிடுவாரு. செத்துப்போனவர் பேர ஏம்ப்பா கெடுக்குற?”

“அப்போ திங்கள்?” என்றார் மளிகைக்கடை உறுப்பினர்.

“திங்கள் துணி தொவைக்கிற நாள். எந்தப் பொம்பளையும் திங்கக்கெழம பெத்துக்க மாட்டா.”

“புதன்?”

“புதன் கால்நடைச் சந்தை. அவனவன் மாட்டு வாலப் புடிச்சுக்கிட்டு இருந்திருப்பான். சாட்சி கெடைக்காது.”

ஆகவே செவ்வாய்க்கிழமை ஏகமனதாக நிறைவேறியது. நகர மன்றம் வழக்கமாகக் கூடும் நாளும் அதுதான் என்பதால் ஒருவிதப் பொருத்தமும் இருந்தது. பிப்ரவரி பத்து. ‘வரலாற்றுப் பின்னணி’ ஒன்றும் இணைக்க வேண்டும் என்று தலைவர் சொன்னதால் நான் எழுதினேன்: அன்று மழை பெய்தது, வாய்க்கால் நிறைந்து ஓடியது, உருளைக்கிழங்கு நன்றாக விளைந்திருந்தது, மக்கள் ஆட்சியாளர்களிடம் நம்பிக்கையோடு இருந்தார்கள். பிப்ரவரியில் உருளைக்கிழங்கு விளையுமா என்று ஒரு சந்தேகம் வந்து, தலைவரைக் கேட்டேன். “பின்னணிதானப்பா, யாரு பாக்கப் போறா?” என்றார்.

கூட்டம் தொடங்கிய நேரத்தில் ஹில்பெர்ட் உயிரற்றவன். மதிய உணவு மணி அடிக்குமுன் இருபது வயது நிரம்பிய குடிமகன். நீதிமன்றத்துக்கு ஒன்றரை வருடம் தேவைப்படும் வேலையை எங்கள் மன்றம் ஒரே காலையில் முடித்தது. இதைவிட வேகமாக யாரும் யாரையும் பெற்றதில்லை.

“அப்போ கல்யாணத்துக்கு எழுதிக்கலாமா ஐயா?” என்று கேட்டான் ஹில்பெர்ட். அவன் கண்கள் ஈரமாக இருந்தன.

“மொதல்ல சீட்ட எடுப்பா,” என்றார் தலைவர் அன்போடு.

மார்ச் மாதத்தில் குலுக்கல். ஏழு வாலிபர்களும் தொப்பியில் வண்ண நாடா கட்டிக்கொண்டு, வழியில் இருந்த ஜெனிவர் சாராயக் கடைகள் எதையும் புண்படுத்தாமல் வந்து சேர்ந்தார்கள். மேசையில் கண்ணாடி உருளை. உள்ளே ஏழு சுருள்கள். கூடத்தில் பாட்டு, புகை, அம்மாக்களின் அழுகை. லாம்பெர்ட் கைவிட்டு எடுத்தான், இரண்டு. நோட்டரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஹில்பெர்ட் எடுத்தான்.

ஏழு.

கூடத்தின் பின்னாலிருந்து ஆல்ட்யே போட்ட சத்தத்தில் புகைபோக்கியிலிருந்து கரி உதிர்ந்தது. “பாத்தீங்களாடி! உயிரில்லாதவன் கை ராசி எப்படி இருக்குன்னு பாத்தீங்களா!” அவள் ஏழு என்ற எண்ணை அவன் தொப்பியில் குத்திவிட்டாள். படகுக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். படகின் கூரை தாழ்வு என்பதை மறந்து உள்ளேயும் தூக்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

மறுநாள் நெற்றியில் கட்டோடு ஹில்பெர்ட்டும், கையில் புது ரொட்டியோடு ஆல்ட்யேயும் திருமணத்துக்கு எழுத வந்தார்கள். தலைவர் அடுப்புப் பக்கம் அமர்ந்து, மன்றத்தின் தீர்மானத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினார். அதில் ஒரு வரி இருந்தது. அதை எழுதியவன் நான்தான், சொன்னவர் நோட்டரி. ‘இப்பிறந்த தேதி படைக் குலுக்கலின் பொருட்டு மட்டும் செல்லும்.’

“அப்படின்னா?” என்றாள் ஆல்ட்யே.

“குலுக்கலுக்கு இவரு பொறந்திருக்காரு. கல்யாணத்துக்கு இன்னும் பொறக்கல.”

“ஒரே ஆளு ஒரு எடத்துல பொறந்தும் இன்னொரு எடத்துல பொறக்காமயும் இருப்பானா? பாதிக் கதவத் தெறந்து வச்ச மாதிரி?”

“சட்டம் நுட்பமானதும்மா.”

“எங்க கடை ரொட்டிகூட இவ்வளவு ஓட்டையா இருக்காது ஐயா.”

இந்த இடத்தில்தான் நோட்டரி ப்ராக்மானின் பெருந்தன்மை வெளிப்பட்டது. ஆல்ட்யே கடைக்குத் திரும்பிய பிறகு அவர் ஹில்பெர்ட்டைத் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டார். படகுக்காரன் தோளில் நோட்டரி கைபோட்டதை ஊர் அதற்குமுன் கண்டதில்லை. கையை எடுத்தவுடன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டதை நான் மட்டுமே கண்டேன்.

“ஒனக்கு முழுசாப் பொறந்த தேதி வேணும். இல்லையா தம்பி?”

“ஆமாங்க.”

“நீதிமன்றத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஒரே வாரத்துல தீர்ப்பு வாங்கித் தர்றேன். ஆயுசு பூராவும் செல்லும். எல்லாத்துக்கும் செல்லும். பதிலுக்கு நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. ஒன் ஏழ எங்க பையனுக்குக் குடு, அவன் ரெண்ட நீ வாங்கிக்க. எண்ண மாத்திக்கிறதுக்குச் சட்டத்துல எடமிருக்கு.”

ஹில்பெர்ட் நீண்ட நேரம் யோசித்தான். ஒன்று, படைக்குப் போய்த் திரும்பிவிடலாம். மற்றொன்று, ஜூன் திரும்பி வராது. யோசித்துவிட்டுக் கேட்டான்: “அப்புறம் எந்தத் தடையும் இருக்காதே?”

“பொறந்த தேதி விஷயத்துல ஒரு தடையும் இருக்காது. என் வாக்கு.”

நோட்டரி பொய் சொல்லவில்லை. நோட்டரிகள் பொய் சொல்வதில்லை, அதற்காகத்தான் அவர்களை அரசு நியமிக்கிறது.

சொன்னபடியே ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. அதைப் பதிவேட்டில் என் கையாலேயே ஏற்றினேன். ஹில்பெர்ட் டெ லாங்கே, பெரென்ட்டின் மகன், ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று பிப்ரவரி பத்து, செவ்வாய்க்கிழமை. ஹில்பெர்ட் சான்றை வாங்கி, படிக்கத் தெரியாததால் முகர்ந்து பார்த்தான். தலைவர் எழுந்து கைகுலுக்கினார். பிஸ்கட் டப்பாவும் திறந்தது. ஒன்று எடுத்தான், மூடியது.

“இப்ப கல்யாணத்துக்கு எழுதிக்குங்க ஐயா,” என்றாள் ஆல்ட்யே. அவளுடைய முடிச்சு இப்போது மார்புக்குச் சற்றுக் கீழே இருந்தது.

தலைவர் ஜன்னல் பக்கத்திலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, அடுப்புப் பக்கம் அமர்ந்தார். “பேரு?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“இந்த நாற்காலிக்குத் தெரியாது.”

“ஹில்பெர்ட் டெ லாங்கே.”

“பொறந்தாச்சா?”

“பொறந்தாச்சு!” என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

“வாழ்த்துகள். படையில பேரு இருக்கா?”

“இருக்குங்க. ரெண்டாம் நம்பர்.”

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். “அடடா. படையில பேரு இருக்குறவங்க மேலிடத்து அனுமதி இல்லாம கல்யாணம் பண்ணக் கூடாதே. மொத வருஷத்துல அவங்க அனுமதி குடுக்கறதே இல்லையே. ரொம்ப வருத்தம்.”

அடுப்பில் எரிமண் கட்டி ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஹில்பெர்ட் விற்றதுதான்.

“இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்றான் அவன்.

“நீங்க இந்த நாற்காலியில கேக்கலையேப்பா.”

ஆல்ட்யே அன்றும் கொண்டுவந்திருந்த ரொட்டியை மேசையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னாள்: “உயிரில்லாதவன்னு எழுதி வச்சப்போ எனக்கு முழுசா இருந்தான் ஐயா. நீங்க பொறக்க வச்சதுக்கப்புறம்தான் போறான்.”

மே மாதத்தில் ஹில்பெர்ட் படைக்குப் போனான். லாம்பெர்ட் அப்பாவின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ரொட்டிக்கடைக்காரம்மா ஆல்ட்யேயை வேலையிலிருந்து நிறுத்தினாள், மிகவும் மரியாதையாக, வாசல்வரை வந்து. ஆல்ட்யே ஹில்பெர்ட்டின் படகுக்குக் குடிபோனாள்.

எங்கள் அலுவலகம் அனுபவத்திலிருந்து பாடம் கற்கும் அலுவலகம். இனி இப்படிக் குழப்பம் வரக்கூடாது என்று தலைவர் ஒரு புதிய ஒழுங்கை ஏற்படுத்தினார். பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தையையும் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதற்கு உயிர் இருப்பதை அலுவலரே கண்ணால் கண்டு பதிய வேண்டும். இருபது ஆண்டு கழித்துத் தாய்நாடு கேட்கும்போது ஒருவன்கூடக் குறையக்கூடாது. ஒரே அறிவிப்பில் ஆண் குழந்தைகளின் உயிருக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த நகரம் வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன். சரியாக நினைக்கிறேனா தெரியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவச்சி ஃபென்னா ஒரு துணி மூட்டையை அணைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். தகப்பன் பெயர் இல்லாத குழந்தையைப் பதியச் சொல்வது மருத்துவச்சியின் கடமை. அகலமான பெண், குரலும் அகலம். தலைவர் ஜன்னல் பக்கம் ஆர்வத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யார் கொழந்த?”

“ஆல்ட்யே கொழந்தைங்க.”

“ஆணா, பொண்ணா?”

“பொண்ணுங்க ஐயா,” என்றாள் ஃபென்னா.

தலைவரின் முகத்திலிருந்த ஆர்வம் அணைந்தது. “அப்போ காட்ட வேண்டாம். பொண்ணுன்னா அவசரமில்ல. தூக்கிக்கிட்டு வந்திருக்கவே வேண்டாம்.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே நட்டுக்கொண்டிருந்த புதுத் தெருவிளக்கை மேற்பார்வையிடத் தொடங்கினார். “நீ எழுதிக்க, ரூலோஃப்.”

பதிவேட்டை விரித்தேன். ஃபென்னா என் மேசையின்மீது மூட்டையை வைத்தாள். வைத்த வேகத்தில் துணி விலகியது.

அதற்குப் பின் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குழந்தை முகத்தைச் சுளித்தது. கால்களை உதைத்தது. உடனே ஓர் அழகிய நீர்வளைவு எழுந்தது. அது மைக்கூட்டைத் தாண்டி, என் கைச்சட்டையைத் தொட்டு, நகர மன்றத்தின் பதிவேட்டில் ‘தகப்பன் பெயர்’ என்ற இடத்தில் மிகச் சரியாக இறங்கியது.

நான் ஃபென்னாவைப் பார்த்தேன். ஃபென்னா என்னைப் பார்த்தாள்.

“இந்தக் காலத்துப் பொம்பளப் புள்ளைங்க ரொம்பத் தைரியசாலிங்க தம்பி,” என்றாள் தணிந்த குரலில். பிறகு இன்னும் தணிந்து, “ஆல்ட்யே சொல்லி அனுப்பினா. ‘ஒருத்தனப் பொறக்க வச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, இன்னொருத்தன அவங்க கைக்குக் குடுக்க மாட்டேன்’னு.”

“என்ன சத்தம் அங்க?” என்றார் தலைவர் திரும்பாமலே.

“மை சிந்திடுச்சுங்க ஐயா.”

“பாத்துப்பா. அரசாங்க மை.”

ஒற்றுத்தாளால் பதிவேட்டை மெதுவாக ஒற்றினேன். பேனாவை மறுபடியும் தொட்டு, மிகத் தெளிவான எழுத்தில், ‘பெண்’ என்று எழுதினேன். முதல் சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். இரண்டாவது சாட்சியாக வாயிற்காவலர் வுப்பே கையெழுத்திட்டார், அவர் எதையும் படிப்பதில்லை. தலைவர் வந்து கீழே தம் பெயரைப் போட்டு, காகிதம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்காமல் முத்திரை குத்தினார்.

மாலை வகுப்பில் சொல்லித்தந்தபடி, வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தேன். எங்கள் அலுவலகத்தின் பெருமைமிக்க வரலாற்றில், ஒரு குழந்தையின் நன்மைக்காகத் தவறாக எழுதப்பட்ட பதிவு இது ஒன்றுதான். மற்றத் தவறுகள் எல்லாம் எங்கள் நன்மைக்காக எழுதப்பட்டவை. ஆகவே அவை சட்டப்படி செல்லும்.